கை உணராத மின்பொறி: ரேடியோக் கருவிகளைப் பழுதுபார்க்கும்போது ஸ்டாட்டிக் செய்யும் சேதம்

ஒரு ரிசீவரில் வலுவான நிலையங்கள் எல்லாம் நன்றாகக் கேட்கின்றன, மெல்லிய சிக்னல்கள் மட்டும் இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். திறந்து பார்த்தால் கருகிய ரெசிஸ்டர் இல்லை, எரிந்த வாடை இல்லை. வோல்டேஜ்களும் சர்க்யூட் படத்தில் போட்டபடியேதான் இருக்கின்றன. ஆன்டெனாவுக்கு அடுத்து வரும் முதல் டிரான்சிஸ்டரை மாற்றியதும் பெட்டி பழையபடி கேட்க ஆரம்பிக்கிறது. அந்த டிரான்சிஸ்டர் எப்போது கெட்டது, யார் கை பட்டுக் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்டாட்டிக், அதாவது உரசலால் உடம்பிலும் பொருட்களிலும் சேரும் மின்னூட்டம், செய்யும் சேதத்தில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் பலர் இன்னமும் அதை நம்ப மறுக்கிறார்கள்.

நம்ப மறுப்பதற்குக் காரணம் நம் உடம்பு. உடம்பில் ஏறியிருக்கும் மின்னூட்டம் விரல்நுனி வழியாகப் பாயும்போது நாம் அதை உணர வேண்டுமானால் சுமார் 3,000 வோல்ட் இருக்க வேண்டும். அதற்குக் கீழே எத்தனை முறை பொறி பாய்ந்தாலும் நமக்குத் தெரியாது. ஆனால் ரேடியோவுக்குள் இருக்கும் பல பாகங்களுக்குச் சில நூறு வோல்ட்டே போதும், சிலவற்றுக்கு நூறுகூட வேண்டாம். நமக்கு உறைக்கும் அளவுக்கும் பாகம் சாகும் அளவுக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, "எனக்கு ஒரு தடவைகூட ஷாக் அடித்ததில்லை" என்பது எதற்கும் ஆதாரம் ஆகாது.

உடம்பு எவ்வளவு மின்னூட்டத்தைத் தாங்கி வைத்திருக்கிறது என்பதற்குச் சோதனைச்சாலைகளில் ஒரு மாதிரிக் கணக்கு உண்டு. மனிதனை 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டராகவும், அதனுடன் வரிசையில் 1,500 ஓம் ரெசிஸ்டராகவும் எடுத்துக்கொள்வார்கள். 3,000 வோல்ட்டில் அந்த கெபாசிட்டருக்குள் இருக்கும் ஆற்றல் அரை மில்லிஜூலுக்கும் கீழே. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேரும் இடம் அதைவிட அற்பமானது.

மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கேட் என்பது சிலிக்கானின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம், அதற்கும் மேல் ஒரு மின்முனை, அவ்வளவுதான். அந்தப் படலம் தாங்கும் வோல்டேஜ் அதன் தடிமனைப் பொறுத்தது. தோராயமாக ஒரு நானோமீட்டருக்கு ஒரு வோல்ட். 100 நானோமீட்டர் தடிமன் இருந்தால் நூறு வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்துவிடும். விழுந்த ஓட்டை தானாக ஆறாது. இன்றைய ஐசிகளுக்குள் அந்தப் படலம் சில நானோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் நிலைமை புரியும்.

வால்வு காலத்தில் இந்தக் கவலையே இல்லை. கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த கிரிட் என்ற கட்டுப்பாட்டுக் கம்பிவலைக்கு நம் விரலில் இருந்து பாயும் பொறி ஒரு பொருட்டே அல்ல. சிக்கல் மாஸ்ஃபெட்டோடு வந்தது. 1960களில் ஆர்சிஏ நிறுவனம் ரிசீவர்களுக்காகக் கொண்டுவந்த 3என்128 போன்ற மாஸ்ஃபெட்டுகளில் கேட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கால்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோக வளையத்தோடுதான் அவை விற்கப்பட்டன. போர்டில் சால்டர் செய்து முடித்த பிறகே அந்த வளையத்தைக் கழற்ற வேண்டும். பிறகு வந்த 40673 போன்ற இரட்டை கேட் மாஸ்ஃபெட்டுகளுக்குள் எதிரெதிராகச் சேர்த்த பாதுகாப்பு டயோடுகளை வைத்தார்கள். பழுதுபார்ப்பவர்கள் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிட்டது அதற்கப்புறம்தான்.

சரி, அப்படியானால் எல்லாப் பாகங்களுக்கும் பெரிய பாதுகாப்பு டயோடு போட்டுவிடலாமே? ரேடியோவின் தனிச் சங்கடம் இங்கேதான் இருக்கிறது. டயோடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு கெபாசிட்டன்ஸ் அதற்கு உண்டு. வெறும் 2 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டாலும், 10 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் அதன் வழியாகக் கசிய சுமார் 8,000 ஓம் தடை உண்டு. யாரையும் தொந்தரவு செய்யாது. 144 மெகாஹெர்ட்ஸில் அதே டயோடு சுமார் 550 ஓம். 1,296 மெகாஹெர்ட்ஸில் 60 ஓம் பக்கம் வந்துவிடும். 50 ஓம் லைனில் அப்படி 60 ஓம் குறுக்கே நின்றால் சிக்னலில் ஒரு பகுதி உள்ளே போகாமல் அங்கிருந்தே திரும்பிவிடும். ஆகவே அலைவரிசை ஏற ஏற, வடிவமைப்பாளர் பாதுகாப்பைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. மைக்ரோவேவ் பிரீஆம்ப்ளிஃபயர்களில் வரும் காலியம் ஆர்சனைடு ஃபெட்டுகளும், சிக்னலின் அலைவரிசையை மாற்றும் மிக்சர்களில் வரும் ஷாட்கி டயோடுகளும் ஏறக்குறைய கவசமே இல்லாமல் நிற்கின்றன. பெட்டியில் மிக நுட்பமாகக் கேட்க வேண்டிய பாகம்தான் அடி தாங்கும் சக்தி மிகக் குறைந்ததாகவும் இருக்கிறது.

பெரிய பவர் மாஸ்ஃபெட் முரட்டுத்தனமானது, அதற்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. சிறு டிரான்ஸ்மிட்டர்களில் நிறையப் பேர் பயன்படுத்தும் ஐஆர்எஃப்510ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கேட் தாங்குவது கூட்டல் கழித்தல் 20 வோல்ட். கேட் கெபாசிட்டன்ஸ் சுமார் 180 பிக்கோஃபாரட் இருப்பதால், உடம்பில் உள்ள மின்னூட்டம் பகிர்ந்துகொள்ளப்பட்டு வோல்டேஜ் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: உடம்பு 100 வோல்ட்டில் இருந்தால் கேட்டுக்குப் போய்ச் சேர்வது சுமார் 36 வோல்ட். 3,000 வோல்ட்டில் இருந்தால் ஆயிரத்துக்கும் மேல். அந்தப் பெரிய உலோகத் தகடும் தடித்த கால்களும் வெப்பத்தைத் தாங்கத்தான் உதவும். கேட் படலத்தைக் காப்பாற்ற அவற்றால் ஆகாது.

பாகம் அந்த நொடியே செத்துவிட்டால் பரவாயில்லை, அப்போதே மாற்றிவிடலாம். தொல்லை தருவது அரைகுறைச் சேதம். கேட்டில் சிறு கசிவு உண்டாகிறது, அல்லது ஒரு டயோடு சந்தி கொஞ்சம் உருகுகிறது. பெட்டி வேலை செய்கிறது, ஆனால் இரைச்சல் கூடிவிடுகிறது, பயாஸ் (டிரான்சிஸ்டரின் இயங்குநிலையை நிர்ணயிக்கும் அளவு) மெல்ல நகர்கிறது, வெயில் நேரத்தில் ஒரு மாதிரியும் குளிரில் வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது. பழுதுபார்த்தவர் நல்லபடியாக முடித்துக் கொடுத்ததாக நினைக்கிறார். சில மாதம் கழித்து அதே பெட்டி திரும்பி வரும்போது பாகத்தின் தரத்தையோ வயதையோ குறை சொல்கிறோம். சம்பந்தப்பட்ட யாருக்கும் உண்மைக் காரணம் தெரியாமலே போவதுதான் எனக்கு இதில் மிகவும் வருத்தமான விஷயம்.

இனி தடுப்பது எப்படி என்று பார்ப்போம். எல்லாவற்றையும் "எர்த் செய்" என்றுதான் பொதுவாகச் சொல்லித் தருகிறார்கள். அது பாதி உண்மை. பாகத்தைக் கெடுப்பது வோல்டேஜ் வித்தியாசம். என் கை, போர்டு, கையில் உள்ள கருவி, போர்டு வைத்திருக்கும் இடம், இணைக்கப்போகும் கேபிள் ஆகிய எல்லாம் ஒரே வோல்டேஜில் இருந்தால் எங்கும் பொறி பாயாது. அந்தப் பொது வோல்டேஜ் பூமியின் வோல்டேஜாகவே இருந்தால் வசதி. இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். எர்த் வசதியே இல்லாத இடத்தில், மெயின்ஸிலிருந்து பிரித்த பெட்டியின் உலோகச் சட்டமான சேசிஸோடு மணிக்கட்டுப் பட்டையை (உடம்பின் மின்னூட்டத்தை ஒரு வயர் வழியாக வடிக்கும், கையில் மாட்டும் பட்டையை) இணைத்துக்கொண்டு, மேஜை மேல் விரித்த ஸ்டாட்டிக் வடிக்கும் பாயையும் அதே சேசிஸோடு சேர்த்துவிட்டால் போதுமான பாதுகாப்பு கிடைத்துவிடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, ஒவ்வொன்றும் இதிலிருந்தே வந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு தடவை சேசிஸைத் தொட்டுவிட்டால் போதும் என்ற பழக்கம் ஏன் போதாது என்பதும் இதிலிருந்தே தெரியும். தொட்ட நொடியில் சமம்தான். அப்புறம் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்தாலே, சட்டைக்கை மேஜையில் உரசினாலே, எழுந்து போய் ஸ்பேனர் எடுத்து வந்தாலே, மறுபடி நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறிவிடுகிறது. பட்டை அதைத் தொடர்ந்து வடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குள் இருக்கும் 1 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாக, 3,000 வோல்ட் ஏறிய உடம்பு ஒரு மில்லிவினாடிக்குள் பத்து வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். தப்பித்தவறி 230 வோல்ட் மெயின்ஸ் மேல் கை பட்டாலும் அந்தப் பட்டை வழியாகப் போகும் மின்னோட்டம் கால் மில்லிஆம்பியருக்கும் குறைவு. ரெசிஸ்டர் இருப்பது உயிரைக் காப்பாற்ற. வெறும் வயரை மணிக்கட்டில் சுற்றி எர்த்தில் கட்டிக்கொள்வதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது.

பட்டையையே கழற்றி வைக்க வேண்டிய வேலையும் உண்டு. டிரான்ஸ்மிட்டரின் பவரைக் கூட்டும் வால்வு லீனியர் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்து, ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும்போது அளக்கிறீர்கள் என்றால் பட்டை வேண்டவே வேண்டாம். 2,500 வோல்ட் அந்த 1 மெகாஓம் வழியாகப் பாய்ந்தால் ரெசிஸ்டரில் 6 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். பட்டையில் இருக்கும் சின்னஞ்சிறு ரெசிஸ்டர் அதைத் தாங்காது, அதன் மேலேயே பொறி தாவிவிடும். அப்புறம் உங்களுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டிகளில் ஸ்டாட்டிக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், மெயின்ஸைப் பிரித்து, ஃபில்டர் கெபாசிட்டர்கள் முழுக்க வடிந்துவிட்டனவா என்று மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை.

மேஜை மேல் விரிக்கும் பாய் மெல்ல வடிக்கும் வகையாக இருக்க வேண்டும்; அதன் பரப்பு மின்தடை பத்து லட்சம் ஓமிலிருந்து நூறு கோடி ஓம் வரை. "அலுமினியத் தகடு இன்னும் நன்றாகக் கடத்துமே" என்று சிலர் கேட்பார்கள். நன்றாகக் கடத்துவதுதான் அதன் குறை. பாகத்திலேயே மின்னூட்டம் ஏறியிருந்தால், அதன் கால் உலோகத் தகட்டைத் தொட்ட கணத்தில் முழு மின்னூட்டமும் ஒரு நானோவினாடி கணக்கில், பல ஆம்பியர் உச்சத்தோடு வெளியேறும். பிளாஸ்டிக் குழாயில் வழுக்கிக்கொண்டு வரும் ஐசிகளுக்கு இப்படித்தான் அடி விழுகிறது. அங்கே மனிதக் கையே சம்பந்தப்படவில்லை. பாயின் மேல் வைத்தால் அதே மின்னூட்டம் மெதுவாக இறங்கும்.

மின்கடத்தாப் பொருட்கள்தான் மேஜையில் மிகவும் கண்ணில் படாத எதிரி. தெர்மாகோல், பிளாஸ்டிக் உறை, பிளாஸ்டிக் டப்பா, ஒட்டும் டேப் இவற்றை எர்த்தில் இணைத்தாலும் மின்னூட்டம் இறங்காது, ஏனென்றால் அது அவற்றின் மேல் நகரவே முடியாது. தொடக்கூட வேண்டாம், மின்னூட்டம் ஏறிய தெர்மாகோல் துண்டு போர்டுக்குப் பக்கத்தில் இருந்தாலே போர்டில் உள்ள மின்னூட்டம் இடம் மாறுகிறது. அந்த நேரத்தில் போர்டை எதிலாவது தொட்டால் பொறி பாயும். டிஸ்பிளேயின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உரிப்பது, டேப்பைச் சரக்கென்று இழுப்பது இரண்டும் ஆயிரக்கணக்கான வோல்ட்டை உண்டாக்கும். ஆகவே இந்தப் பொருட்களை வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கை நீளத்துக்கு அப்பால் தள்ளி வைப்பதைவிட மலிவான பாதுகாப்பு வேறு இல்லை. காற்றில் ஈரம் இருந்தால் எல்லாமே கொஞ்சம் அடங்கும், வறண்ட நாட்களில் பலமடங்கு ஏறும். ஆனால் ஈரத்தை நம்பிப் பட்டையைக் கழற்றிவிட முடியாது.

பழுதுபார்க்கும் கருவிகளிலும் கவனம் வேண்டும். உருகிய சால்டரை உறிஞ்சியெடுக்கும் சாதாரண பிளாஸ்டிக் சால்டர் சக்கரின் பிஸ்டன் உள்ளே உரசிக்கொண்டு ஓடுகிறது, அதன் நுனியோ ஐசி காலின் மேலேயே இருக்கிறது. மின்கடத்தும் நுனி உள்ளது கிடைத்தால் அதையே வாங்குங்கள். நைலான் பிரஷ்ஷால் போர்டைத் தேய்க்க வேண்டாம். சூடாகும்போது மட்டும் வரும் கோளாறைத் தேட நாம் அடிக்கும் ஃப்ரீஸ் ஸ்பிரேயும், தூசி ஊதும் காற்று டப்பாவும் அடிக்கும்போதே மின்னூட்டத்தை உண்டாக்குகின்றன. ஒரு கோளாறைத் தேடப் போய் இன்னொன்றைச் சேர்த்துவிடுகிற கருவிகள் இவை.

சால்டரிங் அயர்னின் நுனி எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். இரண்டு பின் பிளக் உள்ள அயர்னில் மெயின்ஸ் கசிவு நுனிக்கு வந்துகொண்டிருக்கும். வேறு அயர்ன் இல்லாத நிலையில், நன்றாகச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சூட்டிலேயே சால்டர் செய்வது பழைய வழி, இன்றும் பயன்படும். சுவிட்ச் மோட் பவர் சப்ளைகளின் கதையும் இதேதான். எர்த் பின் இல்லாத சப்ளையின் வெளியீட்டை எர்த்துக்கு எதிராக மல்டிமீட்டரில் அளந்தால் மெயின்ஸின் பாதி அளவுக்குக் காட்டும். உள்ளே மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே இருக்கும் சிறு கெபாசிட்டர் வழியாக வருவது அது. அப்படி மிதந்துகொண்டிருக்கும் லேப்டாப்பையோ சப்ளையையோ, எர்த் செய்த ஆன்டெனா உள்ள ரேடியோவோடு இணைக்கும்போது எந்தப் பின் முதலில் தொடுகிறதோ அதன் வழியாக அந்த மின்னூட்டம் பாயும். சிக்னல் பின் முதலில் தொட்டுவிட்டால் போச்சு. முதலில் சேசிஸ்களை ஒரு வயரால் இணைத்துவிட்டு, பிறகு கேபிளைச் செருகுங்கள். ஆசிலோஸ்கோப் புரோபை வைக்கும்போதும் கிரவுண்டு கிளிப்புதான் முதலில், எடுக்கும்போது கடைசியில்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை கணினி போர்டுக்கும் பொருந்தும். ரேடியோவுக்கென்றே உள்ள ஆபத்து ஆன்டெனா கேபிள். இதைப் பலர் நினைத்தே பார்ப்பதில்லை. நடுக்கம்பியும் அதைச் சுற்றி உலோக உறையும் கொண்ட ஆர்ஜி-58 போன்ற கோஆக்ஸ் கேபிளுக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் உண்டு. அதாவது ஒவ்வொரு மீட்டரும் ஒரு மனித உடம்புக்குச் சமம். 30 மீட்டர் கேபிளைத் தரையில் இழுத்து வந்தாலும், வறண்ட காற்று ஆன்டெனாக் கம்பியின் மேல் வீசிக்கொண்டிருந்தாலும், மழைத்துளிகள் மின்னூட்டத்தோடு கம்பியில் விழுந்தாலும், நடுக்கம்பிக்கும் உறைக்கும் நடுவே மின்னூட்டம் சேரும். அதே 3,000 வோல்ட்டில் அந்தக் கேபிள் வைத்திருக்கும் ஆற்றல் 13.5 மில்லிஜூல், உடம்பு வைத்திருப்பதைப்போல முப்பது மடங்கு. உடம்பிலாவது அந்த 1,500 ஓம் தடுக்கிறது. கேபிளில் தடுக்க ஒன்றுமே இல்லை. பிஎல்-259 கனெக்டரைச் செருகும்போது நடுப்பின்தான் முதலில் தொடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேஜையில் பட்டை, பாய் எல்லாம் வைத்துப் பக்குவமாகப் புது ஃபெட் போட்டு முடித்துவிட்டு, சோதிக்கிறேன் என்று கடைசியில் ஆன்டெனா கேபிளை நேராகச் செருகினால் அத்தனை உழைப்பும் ஒரு நொடியில் வீணாகலாம்.

ஆகவே கேபிளை எந்தப் பெட்டியில் செருகும் முன்பும் அதன் நடுப்பின்னையும் உறையையும் இணைத்து வடித்துவிட வேண்டும். 50 ஓம் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் ரெசிஸ்டரில்) ஒரு முறை இணைத்து எடுப்பது நல்ல வழி. நேனோவிஎன்ஏ போன்ற சிறு அளவீட்டுக் கருவிகளுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றின் உள்ளீட்டில் காப்பு மிகக் குறைவு. நிரந்தரமாகச் செய்ய, கேபிள் ஆன்டெனாவோடு சேரும் ஃபீட் முனையில் கேபிளுக்குக் குறுக்கே 100 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுவிடலாம். 50 ஓம் லைனில் அது இருப்பதே தெரியாது. 100 வாட் அனுப்பும்போதும் அதில் வீணாவது ஒரு வாட்டில் இருபதில் ஒரு பங்குதான். ஆனால் மின்னூட்டம் சேரச் சேர வடிந்துகொண்டே இருக்கும். இது இடிமின்னலுக்கான பாதுகாப்பு அல்ல. அது தனிப் பாடம்.

பாகத்தை மாற்றும்போது வரிசை முக்கியம். பவர், ஆன்டெனா, மைக் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே போர்டைத் தொட வேண்டும். பழைய பாகத்தை எடுத்து, போர்டில் அதன் கால்கள் உட்காரும் செப்புத் தடங்களைச் சுத்தம் செய்து, பக்கத்தில் மாற்ற வேண்டிய ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஃபெட்டைக் கடைசியாக உறையிலிருந்து எடுங்கள். சோர்ஸ் கால் முதலில், கேட் கால் கடைசியில். பழைய ஆர்எஃப் பவர் டிரான்சிஸ்டர்களைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றில் சிலவற்றின் வெள்ளைப் பீங்கான் பகுதி பெரிலியம் ஆக்சைடு. அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. உடைக்கவோ அரம் போடவோ கூடாது.

அளப்பதிலும் பாகம் சாகலாம். பழைய அனலாக் மல்டிமீட்டர்கள் உயர் ஓம் ரேஞ்சில் 9 வோல்ட்டோ அதற்கு மேலோ வெளியே தரும். மைக்ரோவேவ் ஃபெட் ஒன்றின் கேட்டுக்கு அதுவே அதிகம். பவர் இல்லாத சிமாஸ் ஐசிக்கு (மாஸ்ஃபெட்டுகளால் ஆன ஐசிக்கு) சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து சிக்னல் கொடுப்பதும் தவறு. உள்ளீட்டு டயோடுகள் வழியாக ஐசி பாதி விழித்துக்கொண்டு, பிறகு பவர் வரும்போது லாட்ச் ஆகி, அதாவது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் போலச் சிக்கிக்கொண்டு, எரியலாம்.

பாதுகாப்பே கேடாக மாறும் ஓர் இடமும் இருக்கிறது. பல பழைய டிரான்சீவர்களில் நினைவகத்தைக் காக்கும் லித்தியம் பேட்டரி போர்டிலேயே உண்டு. ஐகாமின் ஐசி-751, ஐசி-ஆர்71 போன்றவற்றில் பெட்டியை இயக்கும் நிரலே அந்தப் பேட்டரியை நம்பிய ராம் போர்டில்தான் இருக்கிறது. வோல்டேஜ் போனால் நிரலும் போய்விடும், பெட்டி ஊமையாகிவிடும். அத்தகைய போர்டைக் கறுப்பு நிறக் கடத்தும் ஃபோமில் செருகினாலோ உலோகத் தகட்டில் வைத்தாலோ பேட்டரி வடிந்துவிடும். போர்டின் கிரவுண்டை கிளிப் போட்டு நேரே எர்த்தில் இணைத்துவிட்டு, எர்த் செய்த அயர்ன் நுனியால் பேட்டரியின் பாசிட்டிவ் காலைத் தொட்டாலும் ஷார்ட்தான். அங்கே கிரவுண்டை 1 மெகாஓம் வழியாக இணைத்தால் இரண்டும் கைகூடும்: வோல்டேஜ் சமமாகும், பேட்டரியும் ஷார்ட் ஆகாது.

பாகங்களையும் போர்டுகளையும் போட்டு வைக்கும் உறைகளைப் பற்றிக் கொஞ்சம். இளஞ்சிவப்புப் பை உரசும்போது மின்னூட்டம் உண்டாக்காது, அவ்வளவே. வெளியிலிருந்து வரும் பொறியைத் தடுக்காது. வெள்ளிநிறப் பைதான் தடுக்கும், அதுவும் வாயை முழுக்க மூடியிருந்தால் மட்டும். கழற்றிய போர்டை அதன் மேலே வைத்து வேலை செய்வதில் பயன் இல்லை, உள்ளே போட்டு மூட வேண்டும். ஓட்டை விழுந்த, கசங்கித் தேய்ந்த பைகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பட்டையையும் அப்படியே விட்டுவிடாதீர்கள்: வயர் கிளிப்புக்குப் பக்கத்தில் உள்ளே அறுந்திருந்தால் வெளியே தெரியாது. வேலை தொடங்கும் முன் பட்டையை மாட்டிக்கொண்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விரல்களால் இறுக்கிப் பிடித்து, மறுமுனையைக் கிளிப்பில் வைத்துப் பாருங்கள். ஒரு மெகாஓமுக்குச் சற்று மேலே, சில மெகாஓமுக்குள் காட்டினால் பட்டை நன்றாக இருக்கிறது. தோல் ரொம்ப வறண்டிருந்தால் அளவு எகிறும். மணிக்கட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்தால் சரியாகிவிடும். அப்படியும் இறங்காவிட்டால் பட்டையை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.